பிறந்த வீட்டுக் கோடி

மழை பிடித்துவிட்டால் தோட்டத்தில் எல்லாருக்கும் கோபம் வந்துவிடும். மரம் நனைந்தால் சீவ முடியாது. சீவாவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை. பேர் இல்லையென்றால் கூலி இல்லை என்று அர்த்தம். அந்த வருஷம் ரப்பர் விலை வேறு விழுந்து, தோட்டம் தோட்டமாக ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மழைமேல் வந்த கோபத்தை மழையிடம் காட்ட வழியில்லாமல் பெண்டாட்டியிடமும் ஆட்டுக்குட்டியிடமும் காட்டிக்கொண்டிருந்தார்கள் ஆண்கள்.

மலாயாவில், காஹாங்குக்கு நாலு கல் உள்ளே இருந்த தோட்டம் அது. ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய கீழ் லயத்தில் கடைசி வீடு ஐயாசாமியுடையது. அவரும் பெண்சாதி அங்கம்மாவும் மட்டும்தான். ஒரே மகள் ராசம்மாளை இரண்டு வருஷத்துக்கு முன்னால் சதாசிவத்துக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். சதாசிவமும் இதே தோட்டத்தில் மரம் சீவியவன். ஆள் குறைப்பில் அவன் பேரை வெட்டியதும், சிங்கப்பூர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த தன் அண்ணன் கனகராஜிடம் ராசம்மாளையும் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தான். போய் ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, கப்பலுக்கு மூட்டை ஏற்றிப் போன சரக்குப் படகு, தொங்கான், நடுத்துறையில் காற்றில் சாய்ந்து கவிழ்ந்தது. பதினொரு பேர் தண்ணீரில் விழுந்தார்கள். ஏழு பேருடைய உடம்பு கிடைத்தது. கிடைக்காத நாலு பேரில் சதாசிவம் ஒருவன்.

குளுவாங் லாரிக்காரன் மூலம் சேதி வந்த அன்றைக்கு அங்கம்மா வாசலில் விழுந்து புரண்டாள். ஆனால் மறுநாளே அழுகையை நிறுத்திவிட்டாள். உடம்பு கிடைக்காத சாவுக்கு எந்த அளவுக்கு அழுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கனகராஜ் "தேடிக்கொண்டிருக்கிறார்கள், அடுத்த கடிதம் வரும்வரை பொறுத்திருக்கவும்" என்று எழுதியிருந்தான். அதனால் பொறுத்திருந்தார்கள். பொறுத்திருப்பது ஒன்றும் சும்மா இருப்பது இல்லை. ஐயாசாமி விடிய ஐந்து மணிக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்களத்தில் போய் நின்று பேர் சொல்லி, மழை விட்ட நாளில் முந்நூறு மரம் சீவி, மரத்தில் கட்டிய மங்கு மங்காகப் பாலை எடுத்து வாளியில் ஊற்றி, இரண்டு வாளியையும் காண்டாக்கட்டையில் தோளுக்குக் கொடுத்துச் சுமந்துகொண்டுதான் பொறுத்திருந்தார்.

அடுத்த கடிதம் திங்கட்கிழமை வந்தது. பால் நிறுக்கும் கொட்டகையில் கணக்கு எழுதும் கிராணி விசுவலிங்கம்தான் அதைப் படித்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஆட்களிடம் அதிகம் பேசமாட்டார். கடிதம் படிப்பது மட்டும் தன் கடமை என்று நினைத்தவர்.

"ஐயாசாமி, இஞ்ச வா. உனக்கொரு கடுதாசி வந்து கிடக்கு. வாசிக்கட்டோ?"

"படிங்க ஐயா."

விசுவலிங்கம் முதலில் தனக்குள் படித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"உன்ரை மருமகன்ரை தமையன் எழுதியிருக்கிறான். இனித் தேடுறதில்லையாம். பதினாறாம் நாள் சனிக்கிழமை வருகுது, துறைமுகத்தில வேலை எண்டபடியால் கருமாதியை ஞாயிற்றுக்கிழமைக்கு வைச்சிருக்கினம். பிறந்த வீட்டுக் கோடியோட நீ சனிக்கிழமையே வந்து சேரவேணுமாம். விளங்குதோ?"

"விளங்குதுங்க."

"உடம்பு கிடைச்சதாக எழுதேல்லை."

"கெடைக்கலீங்களா?"

"எழுதேல்லை எண்டுதான் சொல்லுறன்."

ஐயாசாமி கடிதத்தை வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டு நடந்தார். கோடி என்றால் புருஷனை இழந்த பெண்ணுக்கு அவள் அப்பனோ அண்ணன் தம்பியோ கொண்டுவந்து போர்த்தும் புது வெள்ளைச் சேலை. அதைப் போர்த்திய பிறகுதான் தாலியை எடுப்பார்கள். ராசம்மாளுக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. தாய்மாமன் எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம். ஆகவே அந்தச் சேலையைக் கொண்டுபோக இந்த மலாயா மண்ணில் ஐயாசாமியை விட்டால் ஆள் இல்லை.

அங்கம்மா மரவள்ளிக்கிழங்கை அவித்துக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். அவர் கடிதச் சேதியைச் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். பிறகு அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டிக் குழம்பை ஊற்றினாள்.

"போகப் போறீங்களா?"

"போகாம எப்டி?"

"நான் ஒண்ணு கேக்குறேன், கோவப்படாம சொல்லுங்க. கோடியத் தூக்கிட்டு நீங்க போயி நின்னாத்தானே எம்மக கழுத்துல கை வைப்பாங்க?"

"ஆமா."

"போகாட்டி?"

ஐயாசாமி கையில் எடுத்த கிழங்கைத் தட்டில் வைத்தார். "போகாட்டி என்னா புள்ள? ஊரு சும்மா இருக்குமா?"

"எந்த ஊரு? சிங்கப்பூர்ல நமக்கு எந்த ஊரு இருக்கு?" அங்கம்மா கரண்டியைச் சட்டியில் போட்டாள். "ஒடம்பு கெடைக்கலீங்க. கடல்ல மீன் புடிக்கிற மலாய்க்காரங்க தூக்கிட்டுப் போயி அவங்க கம்பத்து வீட்ல வச்சிருக்கலாம். காச்சல்ல பேச்சு மூச்சு இல்லாம கெடக்கலாம். பதினாறு நாளு ஒரு நாளா? நம்ம மேல்லயத்து ஆளு ஒருத்தன் காட்டுல தொலைஞ்சு இருவது நாளு கழிச்சு வரல?"

"அவன் காட்டுல தொலைஞ்சான். இவன் தண்ணியில."

"தண்ணிக்கு மட்டும் கரை இல்லியா? அவரு நாளைக்கு வந்து நின்னா, எம்மக வெள்ளச் சேலையோட போயி நிப்பாளா? பொறந்த வீட்டுக் கோடி இல்லாம யாரும் தாலியத் தொட முடியாது. நாம குடுக்காம இருந்தா அது கழுத்துலேயே இருக்கும். அவ்ளோதான் நான் சொல்லுறது."

இதில் தப்புக் கண்டுபிடிக்க ஐயாசாமிக்குத் தெரியவில்லை. முறை என்றால் அது எங்கே போனாலும் முறைதான் என்று நம்பிய மனுஷர் அவர். கோடி போகாத இடத்தில் தாலி இறங்காது. அவருடைய ஊரில் அப்படித்தான். சிங்கப்பூரிலும் அப்படித்தானே இருக்க வேண்டும்?

தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த பேச்சியம்மாள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். லயத்தில் கேட்காமல் இருக்க முடியாது. புல் வெட்டும் வேலைக்காரி, நாற்பது வயசு, புருஷன் இல்லை. கையில் ஒரு கிண்ணம் கடுங்காப்பியோடு வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"மதினி, நான் சொல்லுறேன்னு தப்பா நெனைக்காதீங்க. அண்ணன் போகட்டும்."

"நீ பேசாம இரு பேச்சி."

"பேசத்தான் வந்தேன். எம்புருசன் செத்தப்போ இங்க எனக்கு யாரு இருந்தா? அப்பன் சேலத்துல. கடுதாசி போயிச் சேரவே ஒன்ற மாசம். பதினாறாம் நாளு வரிசையா எல்லாரும் ஒக்காந்து, 'பொறந்த வீட்டுக் கோடி எங்க, பொறந்த வீட்டுக் கோடி எங்க'ன்னு கேட்டாங்க. நான் தரையப் பாத்துக்கிட்டு இருந்தேன். புருசன் போனது ஒரு அழுகை. ஆளத்தவளா ஒக்காந்திருந்தது இன்னொரு அழுகை. மொத அழுகை தீந்து போச்சு மதினி. ரெண்டாவது இன்னும் தீரல."

"ஒன் கதைய எம்மக தலையில கட்டாத!" அங்கம்மா கத்தினாள். "ஒம்புருசன ஒங்கண்ணு முன்னாடி பொதைச்சாங்க. எம்மருமவனப் பாத்தது யாரு?"

பேச்சியம்மாள் கிண்ணத்தை ஐயாசாமி பக்கம் நகர்த்தி வைத்தாள். "காப்பிய ஆறிறதுக்குள்ள குடிங்கண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் ஐயாசாமி லீவு கேட்டார். கேட்கும்போதே கிடைக்காது என்று நம்பினார். நம்பினார் என்று சொல்வதைவிட ஆசைப்பட்டார் என்பதுதான் சரி. லீவு கேட்டவன் பேரை முதலில் வெட்டுகிறார்கள் என்று தோட்டம் முழுக்கப் பேச்சு இருந்தது. துரை மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், தன் மேல் பழி இல்லை. அந்தத் துரையோ வேறு நாளில் நாயைப்போல் விழுகிறவன், அன்றைக்கு என்ன நினைத்தானோ, சனி ஞாயிறு திங்கள் மூன்று நாளும் போய்வரச் சொல்லிவிட்டான்.

"உன்ரை பேருக்கு ஒண்டும் வராது. நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார் விசுவலிங்கம். ஐயாசாமி கும்பிட்டார். கும்பிட்ட கை கீழே இறங்க நேரமானது.

புதன்கிழமை மத்தியானம் பால் ஊற்றிய கையோடு குறுக்குப் பாதையில் காஹாங் கடைத்தெருவுக்கு நடந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. பாதையெல்லாம் அட்டை. ராவுத்தர் கடையில் துணிக்கட்டுகளுக்கு நடுவில் ராவுத்தர் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வா ஐயாசாமி, கண்ணுலயே காணோமே. என்ன வேணும்?"

"ஒரு சேலை..."

"யாருக்கு?"

"மகளுக்குங்க."

"ராசம்மாவுக்கா! சிங்கப்பூர்ல தானே இருக்கு? புள்ள ஏதும் உண்டாயிருக்கா?" ராவுத்தர் பதில் வருமுன் எழுந்துவிட்டார். மஞ்சளில் சிவப்புக் கரை போட்ட ஒன்று, பச்சையில் கட்டம் போட்ட ஒன்று, இரண்டையும் எடுத்து மேஜையில் விரித்தார். "இத எடு. அந்தப் புள்ள நெறத்துக்கு இது அம்சமா இருக்கும்."

ராவுத்தருக்குச் சேதி தெரியாது. சொல்லவேண்டியது ஐயாசாமியின் வேலை. வெள்ளை என்று ஒரு சொல். அதைச் சொல்ல வாயைத் திறந்தார். மஞ்சள் சேலையின் முந்தானையைத் தடவிப் பார்த்தார். விரலில் ரப்பர்ப் பால் காய்ந்து ஒட்டியிருந்தது. துணியில் பட்டுவிடப் போகிறதே என்று கையை இழுத்துக்கொண்டார்.

"அப்புறம் வர்றேனுங்க. பொகையிலை மட்டும் குடுங்க."

புகையிலையோடு திரும்பி வந்தவரை அங்கம்மா உட்காரவைத்து, கை காலில் ஒட்டிய அட்டைகளை உப்பு வைத்து எடுத்துப் போட்டாள். அவ்வளவு மெதுவாக அவள் அவர் காலைத் தொட்டு எத்தனையோ வருஷமாகியிருந்தது.

வியாழக்கிழமை பால் கொட்டகையில் ஒரு தபால் அட்டை காத்திருந்தது.

"பிள்ளை எழுதியிருக்கு" என்றார் விசுவலிங்கம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்த கோணல் எழுத்து. "வாசிக்கிறன், கேள். 'அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ராசம்மா எழுதுவது. நான் சுகம். நீங்கள் வர வேண்டாம். மழை நேரம். அப்பாவுக்கு நெஞ்சில் சளி. தோட்டத்தில் பேர் வெட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைக்கு வர வேண்டாம். ராசம்மா.' அவ்வளவுதான்."

"இன்னொரு தடவ படிங்க ஐயா."

விசுவலிங்கம் இன்னொரு தடவை படித்தார்.

"வர வேணாம்னுதான் இருக்குங்களா?"

"ரெண்டு இடத்தில கிடக்கு."

ஐயாசாமி அட்டையை வாங்கிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் ராசம்மாளின் எழுத்தை அடையாளம் தெரியும். "நீங்க என்னா சொல்லுறீங்க ஐயா?"

"நான் சொல்ல இதில என்ன இருக்கு? அது உன்ரை பிள்ளை. லீவு கிடக்கு, போறதெண்டால் போ." கிராணி பேனாவை எடுத்தார், வைத்தார். "என்ரை தங்கச்சிக்கு இப்பிடி நடந்த நேரம் நான் இங்கதான் இருந்தனான். கப்பலேறிப் போகேல்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

பின்னால் பால் வாளியோடு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். ஐயாசாமி நகர்ந்துகொண்டார்.

அங்கம்மாவிடம் சொன்னபோது அவள் முகம் பதினைந்து நாளில் முதல் தடவையாகத் தெளிந்தது. "பாத்தீங்களா! அவளுக்குத் தெரியும். கோடி வேணாம்னு நேரா எழுத முடியுமா, புருசனோட அண்ணன் வீட்ல இருந்துக்கிட்டு? அதான் மழ, சளின்னு எழுதியிருக்கா."

"நம்ம பேர வெட்டிருவாங்கன்னு பயந்து எழுதியிருக்கா."

"எதுக்கு எழுதினா என்னா? வர வேணாம்னு எழுதிட்டா."

ஆமாம், எழுதிவிட்டாள். அன்று மாலை ஐயாசாமி கிராணியிடம் போய் லீவு வேண்டாம் என்று சொன்னார். திரும்பி வரும்போது உடம்பு லேசாக இருந்தது. இதை மறைத்து என்ன பயன்? மகள் மேல் பாசம் இல்லாத மனுஷர் அல்ல அவர். முப்பது வருஷமாக அடுத்தவன் சொன்ன இடத்துக்கு நடந்து, அடுத்தவன் சொன்ன மரத்தைச் சீவி, களைத்துப்போனவர். இந்த ஒரு நடையை நடக்கவேண்டாம் என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று ஏங்கியிருந்தார். யார் யாரோ சொல்லவில்லை, மகளே சொல்லிவிட்டாள். பேச்சியம்மாள் தன் கதவோரம் நின்று அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்காமல் உள்ளே போனார்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் வேலை இல்லை. வெகுநாள் கழித்து வெயில் அடித்தது. வேலை இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஐயாசாமி விறகு பொறுக்கப் போனார், தேவைக்கு மேல் பொறுக்கினார். அங்கம்மா தலைக்குக் குளித்து, கோழி அடித்துக் குழம்பு வைத்து, நெற்றி நிறையப் பொட்டு வைத்துக்கொண்டாள். பத்து மணி சுமாருக்கு இருவரும் ஒரே சமயத்தில் வெயிலைப் பார்த்தார்கள்.

"இந்நேரம் அங்க..." என்று ஆரம்பித்தார் ஐயாசாமி.

"அங்க ஒண்ணும் நடக்காது" என்றாள் அங்கம்மா. "கோடி இல்லாம என்னா செய்வாங்க? கூடிட்டுக் கலைஞ்சு போவாங்க. ஒக்காருங்க, சாப்பிடுங்க."

அவர் உட்கார்ந்தார். கோழிக்குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

புதன்கிழமை மூன்று மணிக்கு மறுபடி மழை. அங்கம்மா குழாயடியில் வாளியை நிரப்பிக்கொண்டிருந்தாள். தோட்டத்து லாரி வந்து கோயில் பக்கத்தில் நின்றது. பின்பக்கம் இருந்து கனகராஜ் இறங்கினான், கையில் தகரப்பெட்டி. அவனுக்குப் பின்னால் ஒரு பெண் லாரியின் பலகையைப் பிடித்துக்கொண்டு, சேலை தடுக்க, மெதுவாக இறங்கினாள். வெள்ளைச் சேலை.

அங்கம்மா அந்தப் பெண்ணை யாரோ என்றுதான் முதலில் பார்த்தாள். வாளி நிறைந்து தண்ணீர் காலில் வழிந்தது. பிறகு அவள் போட்ட சத்தத்தில் லயத்துக் கதவுகள் எல்லாம் திறந்தன.

அழுது முடிக்க வெகுநேரமாகியது. பேச்சியம்மாள்தான் ராசம்மாளை உள்ளே கூட்டிப் போய், தலையைத் துவட்டிவிட்டு, சுடுதண்ணீர் கொடுத்தாள். கனகராஜ் வெளியே சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். "கொஞ்ச நாளு இங்க இருக்கட்டும் மாமா. அங்க ஒரே அறையில எட்டுப் பேரு" என்றான். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. திரும்பும் லாரியிலேயே போகவேண்டும் என்று சொல்லிப் போய்விட்டான். அவன் ஐயாசாமியைக் கோபித்து ஒரு வார்த்தை பேசவில்லை.

ராசம்மாளுக்கு வயது பத்தொன்பது. கழுத்து வெறுமையாக இருந்தது. அங்கம்மா அந்தக் கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"நாங்க வரலியேடி. கோடி குடுக்கலியே. எப்டி எடுத்தாங்க? யாரு போட்டா ஒனக்கு இந்தச் சேலைய?"

"பத்து மணி வரைக்கும் பாத்தாங்கம்மா" என்றாள் ராசம்மாள். குரல் அடைத்திருந்தது, ஆனால் நிதானமாகப் பேசினாள். "பொறந்த வீட்டு ஆளுங்க யாரும் காணோம். அப்புறம் என்னக் கூட்டிட்டு வந்த மாமாதான் போயி, கரி கொட்டுற எடத்துல வேல செய்யிற ஒரு பெரியவரக் கூட்டிட்டு வந்தாங்க. அங்க எல்லாருக்கும் அப்டித்தானாம்மா. யாரு வீட்ல அப்பன் இல்லியோ அங்க இந்தப் பெரியவரத்தான் நிக்க வைப்பாங்களாம். சேலைய மாமாவே வாங்கி அவரு கையில குடுத்தாங்க. அவரு போட்டாரு."

"அவரு யாரு?" என்றார் ஐயாசாமி.

"தெரியலப்பா. பேரு கேக்கல. கையெல்லாம் கரி. கழுவிட்டு வந்தாரு, அப்பவும் போகல." அவள் தோளில் சேலையின் மேல் ஓர் இடத்தைக் காட்டினாள். மங்கலாக ஐந்து விரல் தெரிந்தது. "போடுறப்போ அழுதாரு."

மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. ஐயாசாமி கையை ஊன்றிக் குனிந்து, மகளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"நீதானே தாயி எழுதின, வர வேணாம்னு? கிராணி ரெண்டு தடவ படிச்சாரு. ரெண்டு எடத்துல எழுதியிருக்குன்னு சொன்னாரு."

"ஆமாப்பா. எழுதினேன்."

"அதனாலதான் தாயி..."

"தெரியும்ப்பா. நான்தான் எழுதினேன்." ராசம்மாள் சுடுதண்ணீரை ஒரு வாய் குடித்தாள். "எங்க வீட்டுல இருந்தா குளுவாங் ரயிலு வர்ற சத்தம் கேக்கும். சனிக்கிழம காலையில இருந்து, ரயிலு சத்தம் கேக்குறப்போ எல்லாம் வாசல்ல வந்து நின்னேன்."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். குறையாகச் சொல்லியிருந்தால் ஐயாசாமிக்குப் பதில் சொல்ல ஏதாவது இருந்திருக்கும்.